குவாம் தீவின் சிஹெக் மீன்கொத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை பார்க்க வருகிறவர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் சிஹெக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்தை அதிகம் மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை.

சிஹெக்கா? அப்படியொரு பறவையின் பெயரையே கேள்விப்பட்டதில்லையே?

மேற்குப் பசிபிக்கில், மரியானா தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது குவாம். பரப்பளவு ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர். இப்போது அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. அந்தத் தீவின் காடுகளில் மட்டும் வாழ்ந்த மீன்கொத்தி இது. இப்போது அந்தக் காடுகளில் ஒன்றுகூட இல்லை. சிஹெக் என்பது தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்கள் அழைக்கும் பெயர்.

நீண்டகாலம் குவாம், பலாவ், போன்பேய் ஆகிய மூன்று பசிபிக் தீவு இடங்களின் பறவைகளையும் ஒரே இனமாக வைத்து 'மைக்ரோனீசிய மீன்கொத்தி' என்று எழுதிவந்தார்கள். பிறகு மூன்றையும் தனித்தனி இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'இது அழியவில்லையே, பலாவில் இருக்கிறதே' என்று வாதாடுகிறவர்களுக்கு இந்தப் பிரிவினை தெரியாது.

பார்க்க எப்படி இருக்கும்? நம் ஊர் மீன்கொத்தி போலவே நீலமா?

முதுகிலும் இறக்கையிலும் வாலிலும் பச்சை கலந்த நீலம் உண்டு. தலையும் கழுத்தும் இலவங்கப்பட்டை நிறம். கண்ணிலிருந்து பின்னங்கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடும். ஆணுக்கு வயிறு வரை அதே இலவங்கப்பட்டை நிறம். பெண்ணுக்கு மார்புக்குக் கீழே வெள்ளை. ஆகவே ஆண் எது, பெண் எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

அலகு நுனியிலிருந்து வால் வரை 20 செ.மீ.க்குச் சற்று மேல். நம் வயல் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்தொண்டை மீன்கொத்தியைவிடச் சிறியது. ஆனால் அலகு கனமானது, தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. குரல் கரகரப்பானது, இசை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மீன்கொத்தி என்கிறீர்கள். ஆனால் மீனைத் தின்னாதாமே? இதென்ன கூத்து?

உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கொத்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மீனை நம்பி வாழ்வதில்லை. காட்டுக்குள்ளும் புல்வெளியிலும் தரையில் ஊர்வதைப் பிடித்துத் தின்பவைதான் அதிகம். இதற்குக் குவாம் வரை போகவும் வேண்டாம். வெண்தொண்டை மீன்கொத்தி தோட்டத்தில் அரணையை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சிஹெக்கின் சாப்பாட்டில் முதலிடம் அரணைக்கும் பல்லிக்கும். அடுத்து வெட்டுக்கிளி, சில்வண்டு போன்ற பூச்சிகள், சிறு நண்டுகள், மண்புழு. குவாமின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை பாறைக்குள் இறங்கிவிடும். தீவின் வடபாதியில் ஓடைகளே கிடையாது. அங்கே மீனை மட்டும் நம்பியிருந்தால் எந்த மீன்கொத்தியும் பிழைத்திருக்காது.

பிறகு எப்படித்தான் வேட்டையாடும்?

உட்கார்ந்துதான். வெளிச்சம் விழும் ஒரு கிளையைத் தேர்ந்துகொண்டு அசையாமல் இருக்கும். தலை மட்டும் மெல்லத் திரும்பும். கீழே சருகு அசைந்தால் நேராகப் பாய்ந்து கவ்விக்கொண்டு திரும்பக் கிளைக்கே வந்துவிடும். பிறகுதான் முக்கியமான வேலை: பல்லியை வாலிலோ இடுப்பிலோ கவ்விப் பிடித்து, கிளையின் மேல் இடமும் வலமுமாக அடிக்கும். எலும்பு நொறுங்கி, அசைவு நின்ற பிறகு, தலை முன்னே போகும்படி திருப்பி விழுங்கும். செரிக்காத எலும்பும் பூச்சி ஓடும் பின்னர் ஓர் உருண்டையாக வாய்வழியே வெளியே வந்துவிடும்.

இந்த வேட்டைமுறைக்கு உயர்ந்த கிளையும் திறந்த தரையும் வேண்டும். இவை கிடைக்கும் இடம் எதுவானாலும் சரி: அடர்ந்த காட்டின் நடுவிலும், தென்னந்தோப்பிலும், காட்டு ஓரத்திலும் இதைப் பார்த்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன.

கூடு எங்கே? ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டுமா?

இல்லை, மரத்தில். அதுவும் உயிருள்ள கெட்டி மரத்தில் அல்ல. உளுத்துப்போன, நார் தளர்ந்த மரத்தில். தென்னை, ஈரப்பலா, ஆலின் வகை மரங்கள் என்று பலவற்றில் கூடுகள் இருந்திருக்கின்றன. மரத்தின் மேல் கரையான் கட்டிய புற்றையும் குடையும்.

மரங்கொத்திக்கு உள்ள உளியலகும் கெட்டி மண்டையும் இதற்கு இல்லை. ஆகவே தொடக்கத்தில் எதிர்க்கிளையிலிருந்து பறந்துவந்து அலகு முன்னே நீட்டியபடி மரத்தில் மோதும். மோதித் திரும்பும், மறுபடி மோதும். உட்கார ஒரு பள்ளம் விழுந்த பிறகே ஒட்டிக்கொண்டு கொத்த ஆரம்பிக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இதைச் செய்யும். கரையான் புற்றாக இருந்தால் குடைந்து முடித்ததும் சில நாள் ஒதுங்கியிருக்கும். அதற்குள் கரையான்கள் உடைந்த உட்சுவரைப் பூசி மூடிவிடும். பிறகு பறவை குடிபுகும். வைக்கோல், இலை என்று எதையும் உள்ளே கொண்டுபோவதில்லை.

ஒரு ஜோடி பல இடங்களில் குடைய ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடுவதும் உண்டு. வீண்வேலை என்று நினைக்காதீர்கள். இந்தக் குடைதல்தான் ஜோடியை இனப்பெருக்கத்துக்குத் தயார்படுத்துகிறது என்பது பின்னால், கூண்டு வளர்ப்பைப் பற்றிய கேள்வியில், மறுபடி வரும்.

எத்தனை முட்டை? அடைகாப்பது தாய் மட்டுமா?

பெரும்பாலும் இரண்டு, சில நேரம் ஒன்று அல்லது மூன்று. பொந்துக்குள் இருளில் இடப்படுவதால் நிறமோ புள்ளியோ இல்லாத வெள்ளை முட்டைகள். இருவரும் அடைகாப்பார்கள். ஏறத்தாழ 22 நாளில் குஞ்சு வெளிவரும்; அதற்குப் பிறகு ஐந்து வாரம் போலப் பொந்திலேயே வளரும். ஓர் ஈட்டுக்கு இரண்டு குஞ்சு என்பது மரமேறும் பாம்புக்கு ஈடுகொடுக்கும் வேகம் அல்ல. அப்படிப்பட்ட பாம்பு இல்லாத தீவில் அது போதுமானதாக இருந்தது.

கூட்டமாக வாழுமா?

வாழாது. ஒரு ஜோடிக்கு ஓர் எல்லை. அதற்குள் இன்னொன்று நுழைந்தால் சண்டைதான். இதன் நெருங்கிய உறவான போன்பேய் மீன்கொத்தியில் மட்டும், சில குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் தாய்தந்தையோடு தங்கி அடுத்த ஈட்டை வளர்க்க உதவுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எப்படி அழிந்தது? சுட்டுத் தின்றுவிட்டார்களா?

இல்லை. காரணம் ஒரு பாம்பு. பழுப்பு மரப்பாம்பு என்று பெயர். நம் ஊர்ப் பூனைப் பாம்பின் பேரினத்தைச் சேர்ந்தது. மெலிந்தது, இரவில் நடமாடுவது, மரமேறுவதில் கெட்டிக்காரப் பாம்பு. அதன் தாயகம் ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியும் அதைச் சுற்றிய தீவுகளும். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, பாப்புவா நியூகினியின் மானுஸ் தீவிலிருந்து போர்த் தளவாடங்களைக் குவாமுக்கு ஏற்றிவந்தபோது சரக்கோடு சரக்காக வந்திருக்கிறது.

வந்து சேர்ந்த சில பாம்புகள் முப்பது ஆண்டுகளில் தீவு முழுவதும் பரவின. 1981 கணக்கெடுப்பில் வடக்குக் காடுகளில் ஏறத்தாழ 3,000 சிஹெக் இருந்தன. 1988 இல் காட்டில் ஒன்றுகூட இல்லை. சிஹெக் தனியாகவும் போகவில்லை. குவாமின் 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகை அந்தத் தீவின் காட்டிலிருந்து மறைந்துவிட்டன.

நம் நாட்டில் எத்தனையோ பாம்புகள் உண்டு. பறவைகள் இருக்கத்தானே செய்கின்றன? அங்கே மட்டும் ஏன் இப்படி?

இதுதான் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி. நம் ஊர்ப் பறவை பாம்போடு சேர்ந்தே வளர்ந்தது. தூக்கணாங்குருவி முள்மரத்தின் கிளைநுனியில், கீழே தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துக் கூட்டைத் தொங்கவிடுகிறது. மைனா பாம்பைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறது. பாம்பைத் தின்னக் கழுகும் கீரியும் இருக்கின்றன.

குவாமில் இது எதுவும் இல்லை. அங்கே முன்பிருந்த ஒரே பாம்பு, மண்ணுக்குள் கரையானையும் எறும்பு முட்டையையும் தின்னும் மண்புழு அளவிலான குருட்டுப் பாம்பு. அது பறவையைத் திரும்பிப் பார்க்காது. இரவில் மரமேறி வரும் எதிரி என்று ஒன்று இருப்பதே சிஹெக்குக்குத் தெரியாது. அது குடியிருந்த பொந்தின் நிலையைப் பாருங்கள்: ஒரே வாசல், உள்ளே அடைகாக்கும் பறவை, வெளியே இரவு. வாசலைப் பாம்பு அடைத்துக்கொண்டால் முட்டையும் குஞ்சும் மட்டுமல்ல, தாயும் தப்ப முடியாது. பறவை பலவீனமானதால் தோற்றது என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மழை, வெயில், பகல் நேர எதிரி எல்லாவற்றுக்கும் அந்தப் பொந்து நல்ல வீடு.

பாம்புதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? பூச்சிமருந்தாக இருக்கக்கூடாதா?

பூச்சிமருந்தையும் பறவை நோயையும்தான் முதலில் எல்லோரும் சந்தேகித்தார்கள். போருக்குப் பின் தீவில் டிடிடி தெளித்திருந்ததால் அது நியாயமான சந்தேகமும்கூட. ஒரு பாம்பு ஒரு தீவின் பறவைகளையே காலி செய்ததாக அதுவரை எங்கும் பதிவில்லை. எனவே பாம்பைச் சுட்டியவர்களை நம்ப ஆளில்லை.

ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் 1980களின் தொடக்கத்தில் இதை அவிழ்த்தார். பறவைகள் மறைந்த வரிசை தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இருந்தது. பாம்பு பரவியதாக ஊர்மக்கள் சொன்ன வரிசையும் அதேதான். காடையை இரையாக வைத்த பொறிகளைக் காட்டில் போட்டபோது பாம்பு மிகுந்த இடங்களில் காடைகள் வேகமாகப் போயின. குவாமின் தென்முனையை ஒட்டிய குட்டித் தீவான கோகோஸில் அப்போது பாம்பு இல்லை; அங்கே பறவைகள் இருந்தன. நோய்க்கும் மருந்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. 1987 இல் அவருடைய கட்டுரை வெளியானபோது சிஹெக்குக்கு ஓராண்டுதான் மிச்சம்.

பறவை தீர்ந்ததும் பாம்பும் பட்டினியில் செத்திருக்க வேண்டுமே?

கணக்கு சரி, ஆனால் பாம்பு வேறு கணக்குப் போட்டது. குட்டிப் பாம்புகள் பல்லியையும் அரணையையும் தின்று வளரும். வெளியிலிருந்து வந்து பெருகிய ஓர் அரணை இனமும் வீட்டுப்பல்லியும் குவாமில் ஏராளம். ஆகவே கடைசிப் பறவை போன பிறகும் பந்தி காலியாகவில்லை. சிஹெக்கின் இரையைத் தின்று வளர்ந்த பாம்பு சிஹெக்கையும் தின்றது என்று சொன்னால் தவறில்லை.

தீவில் இப்போது பாம்பின் தொகை 10 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மின்கம்பியில் ஏறி மின்தடை உண்டாக்குவதும் அவற்றின் அன்றாட வேலை.

கீரியைக் கொண்டுபோய் விட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார், கேட்பவருக்கு ஒரு பெருமிதமும் இருக்கும். கீரி பகலில் நடமாடுவது, இந்தப் பாம்பு இரவில் நடமாடுவது. இரண்டும் சந்திப்பதே அரிது.

செய்து பார்த்தவர்களின் கதையும் இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவா தீவில் 1910 இல் நச்சுப்பாம்பையும் எலியையும் ஒழிக்க இந்தியத் துணைக்கண்டத்துக் கீரியை விட்டார்கள். பாம்பு அப்படியே இருந்தது. பறக்க முடியாத ஒகினாவா கானாங்கோழி கீரிக்கு இரையானது. 1979 வாக்கில் அமாமி தீவிலும் கீரியை விட்டு, பிறகு பல ஆண்டு பொறிவைத்துப் பிடித்து, 2024 இல்தான் முழுவதும் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இருளர் பாம்புபிடிப்பவர்களை அமெரிக்கா அழைத்ததே? அவர்களைக் குவாமுக்கு அனுப்பினால் முடித்துவிடுவார்களே?

2017 இல் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் ஃபுளோரிடாவுக்குப் போய் பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தது உண்மை. 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்களுடைய திறமையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனால் மலைப்பாம்பு தரையில் தடம் விட்டுச் செல்லும் பெரிய உடம்பு. தடத்தைப் படிப்பதுதான் இருளர் கலையின் உயிர். குவாம் பாம்பு விரல் பருமனில், இரவில், கிளைமேல் கிளையாகப் போவது. பத்து லட்சத்தை ஒவ்வொன்றாகக் கையால் பிடிப்பது எந்த ஊர் வல்லுநராலும் ஆகிற காரியமல்ல.

எலிக்குள் பாரசிட்டமால் வைத்து விமானத்திலிருந்து போட்டார்கள் என்று படித்தேன். கட்டுக்கதைதானே?

உண்மைதான். இந்தப் பாம்பு செத்த இரையையும் தின்னும். பெரும்பாலான பாம்புகள் அப்படியல்ல. 80 மில்லிகிராம் பாரசிட்டமால் அதைக் கொல்லப் போதும். நாம் காய்ச்சலுக்குப் போடும் 500 மில்லிகிராம் மாத்திரையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடுகிறது.

2013 இல் குவாமின் ஆண்டர்சன் விமானப்படைத் தளத்தை ஒட்டிய காட்டில் இப்படி 2,000 எலிக்குஞ்சுகளை வானிலிருந்து போட்டார்கள். ஒவ்வொன்றும் காகித நாடாவில் கட்டப்பட்டிருந்தது. நாடா கிளையில் சிக்கித் தொங்கும், தரையில் விழுந்து நண்டு தின்றுவிடாது. குறிப்பிட்ட பரப்பில் பாம்பைக் குறைக்க இது உதவுகிறது. முழுத் தீவையும் துடைத்தெடுக்க இன்னும் முடியவில்லை.

தென்னையில் எலி ஏறாமல் தகரம் அடிப்போமே, அதுபோலக் கூட்டுமரத்தில் அடித்தால் ஆயிற்றே?

அடித்துப் பார்த்தார்கள், சிஹெக்குக்காக அல்ல, குவாமில் மிச்சமிருக்கும் மைனா வகைப் பறவை ஒன்றுக்காக. கூட்டுப்பெட்டி வைத்த கம்பத்தில் வழுக்கும் தகரக் குழாய் பொருத்தி, இரவில் காமிரா வைத்தார்கள். பாம்பு உடம்பின் பின்பகுதியைக் குழாயைச் சுற்றி ஒரு சுருக்காகப் போட்டு, வாலைக் கொக்கிபோல் மாட்டி இறுக்கிக்கொண்டு, அந்தச் சுருக்கைச் சிறிது சிறிதாக நெளித்து மேலே நகர்ந்தது. மரமேறுபவர் காலில் தளை போட்டுக்கொண்டு பனை ஏறுகிற மாதிரி. பெருமூச்சு வாங்கிக்கொண்டு, நடுநடுவே நின்று, வழுக்கி விழுந்து மீண்டும் ஏறுகிறது.

பாம்புகள் இப்படி நகரும் என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது. 2021 இல் இதைப் புதிய நகர்வுமுறையாகவே வெளியிட்டார்கள். இன்னும் பருத்த குழாய் வைத்தால் ஏற முடியாது என்பது அதிலிருந்து கிடைத்த பயன்.

காட்டில் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். பிறகு எப்படி இப்போதும் இருக்கிறது?

1984 முதல் 1986 வரை, எஞ்சியிருந்தவற்றில் 29 பறவைகளைப் பிடித்து அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். இன்று உயிரோடிருக்கும் எல்லாச் சிஹெக்கும் அவற்றின் வழி வந்தவை. மொத்தம் ஏறத்தாழ 140. பறவையைக் காட்டிலிருந்து பிடிப்பதை எதிர்ப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இன்னும் இரண்டு ஆண்டு யோசித்திருந்தால் பிடிப்பதற்குப் பறவை இருந்திருக்காது.

பூங்காவில் வளர்ப்பது சுலபம்தானே? நாற்பது ஆண்டில் ஏன் 140தான்?

சுலபமாக இருந்திருந்தால் இந்நேரம் ஆயிரம் இருந்திருக்கும். எல்லைச் சண்டை போடும் பறவை என்று மேலே சொன்னேன். ஒரு கூண்டில் நாம் தேர்ந்து போடும் ஆணையும் பெண்ணையும் அது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமில்லை, பிடிக்காவிட்டால் அடித்துக்கொள்ளும். முட்டையை உடைக்கும், குஞ்சைக் கொல்லும் பெற்றோரும் உண்டு. 29 பறவையில் தொடங்கியதால் யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதற்கு வம்சாவளி ஏட்டைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கூண்டில் நல்ல மரப்பெட்டி வைத்தால் போதாது. உளுத்த பனைவகை மரத்துண்டை நிறுத்திவைத்தால், ஜோடி சேர்ந்து அதைக் குடையும். குடைந்தால் முட்டைக்கு வழி பிறக்கும். பராமரிப்பவர்களுக்குச் சரியான அளவு உளுத்த மரம் தேடுவதே ஒரு தனி வேலை.

2024 இல் பால்மைராவில் விட்டார்களே, அது அதன் ஊரே இல்லையே?

இல்லைதான். ஹவாய்க்குத் தெற்கே 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பவளத்தீவு அது. குவாமிலிருந்து ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர். சிஹெக் அங்கே ஒருபோதும் வாழ்ந்ததில்லை. ஆனால் அங்கே பாம்பு இல்லை. போர்க்காலத்தில் வந்த எலிகளையும் 2011 இல் முழுவதும் ஒழித்துவிட்டார்கள். பல்லி உண்டு, பூச்சி உண்டு, சிலந்தி உண்டு, காடும் உண்டு. அந்தக் காட்டின் முக்கிய மரம், நம் வீட்டு முற்றத்தில் வளர்க்கும் லச்சக்கெட்ட கீரையின் இனம். அங்கே அது கிளை விரித்துப் பெருமரமாக நிற்கிறது.

முட்டைகளைக் கான்சஸ் மாநிலத்துப் பூங்கா ஒன்றில் பொரிக்கவைத்து, கையால் வளர்த்த ஒன்பது பறவைகளை 2024 இல் விமானத்தில் கொண்டுசென்றார்கள். சில வாரம் அங்கேயே பெரிய கூண்டில் பழக்கி, செப்டம்பரில் கதவைத் திறந்தார்கள். தன் ஊரில் விடமுடியாத பறவையை வேற்றூரில் விடுவது சரியா என்று விவாதிக்கலாம். கூண்டு, வேற்றூர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வேற்றூருக்கே வாக்களிப்பேன்.

குவாமுக்குப் பக்கத்திலேயே ரோட்டா, சைப்பான் தீவுகள் இருக்கின்றனவே. ஆறாயிரம் கிலோமீட்டர் ஏன்?

அந்தத் தீவுகளில் ஏற்கெனவே இன்னொரு மீன்கொத்தி வாழ்கிறது. மரியானா மீன்கொத்தி என்று பெயர்; சிஹெக்கின் பேரினம், வெள்ளை உடம்பு, நீலச் சிறகு, ஏறத்தாழ அதே இரை. இரண்டையும் ஒரே காட்டில் விட்டால் இடத்துக்கும் பொந்துக்கும் சண்டை வரும், கலப்பும் நேரலாம். குவாமிலிருந்து வரும் சரக்கோடு பாம்பும் வந்துவிடும் ஆபத்து தனி. மோப்பநாய்களைக் கொண்டு துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சரக்கைச் சோதிப்பது இதற்காகத்தான். சோதனை இருந்தும், மேலே சொன்ன கோகோஸ் தீவில் 2020 இல் பாம்பு கண்டுபிடிக்கப்பட்டது.

வேற்றூரில் விட்டால் அங்குள்ள உயிர்களை இது தின்று தீர்க்காதா? பாம்பு குவாமில் செய்ததையே இதுவும் அங்கே செய்யாதா?

நியாயமான பயம், பறவையை விடுவிப்பதற்கு முன் திட்டத்தை நடத்துபவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள். பாம்பு யாருக்கும் தெரியாமல் வந்து லட்சமாகப் பெருகியது. சிஹெக் எண்ணிக்கை தெரிந்து, காலில் வளையமும் உடம்பில் இடம் காட்டும் சிறு ரேடியோக் கருவியும் மாட்டப்பட்டு வந்தது. ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை போல இடுவது, ஜோடிக்கு ஓர் எல்லை வைத்துக்கொள்வது. சட்டப்படியும் அது சோதனைமுறைக் குடியிருப்பு. தேவைப்பட்டால் திரும்பப் பிடித்துவிடலாம்.

கூண்டில் பிறந்ததற்கு வேட்டை தெரியுமா? பிழைத்ததா?

வேட்டை பிறவியிலேயே வருவது, பழக்கம் கூர்மையாக்குகிறது. தொடக்கத்தில் தட்டில் உணவும் வைத்தார்கள். பறவைகள் விரைவிலேயே பல்லியையும் பூச்சியையும் சிலந்தியையும் தாமே பிடிக்க ஆரம்பித்தன. 2025 இல் ஜோடி சேர்ந்து, பொந்து குடைந்து, முட்டையும் இட்டன. கூண்டுக்கு வெளியே சிஹெக் முட்டை ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்குப் பிறகு அப்போதுதான். முதல் ஈட்டு முட்டைகள் எல்லாம் பொரிக்கும் என்று இளம் ஜோடிகளிடம் எதிர்பார்க்கக்கூடாது.

ஒரு பறவை போனால் தீவுக்கு என்ன நட்டம்?

பறவைகள் மொத்தமாகப் போனதால் வந்த நட்டத்தை அளந்திருக்கிறார்கள். பக்கத்துத் தீவுகளைவிடக் குவாம் காட்டில் மழைக்காலத்தில் சிலந்திவலைகள் 40 மடங்கு வரை அதிகம். நடக்கும்போது முகத்தில் ஒட்டும் வலையைக் குச்சியால் விலக்கிக்கொண்டே போக வேண்டும். பழம் தின்னும் பறவை இல்லாததால் விதைகள் தாய்மரத்தடியிலேயே விழுந்து மக்குகின்றன, புதுக்கன்று குறைகிறது. விதை பரப்பியதில் சிஹெக்குக்குப் பங்கில்லை, அது புறாவும் மைனாவும் செய்த வேலை. சிஹெக்கின் பங்கு பூச்சி, பல்லிக் கணக்கில்தான்.

என்றைக்காவது குவாமுக்குத் திரும்புமா?

திட்டத்தின் இறுதி இலக்கே அதுதான். சமோரோ மக்களும் அதையே கேட்கிறார்கள். பாம்பு புகாத வேலி போட்டு, உள்ளே பாம்பை ஒழித்த காட்டுத்துண்டு ஒன்றாவது வேண்டும். வழிகாட்ட ஒரு முன்னோடி உண்டு: கோகோ என்று சமோரோக்கள் அழைக்கும் குவாம் கானாங்கோழி. அதுவும் காட்டில் அற்றுப்போய், கூண்டில் காக்கப்பட்டது. ரோட்டாவிலும் கோகோஸ் தீவிலும் விட்டார்கள். பூனைகளிடம் பல பறவைகளை இழந்த பிறகும் விடாமல் முயன்றார்கள். 2019 இல் 'காட்டில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து அது வெளியே வந்தது. குவாமின் பெரிய நிலத்துக்கு அதுவும் இன்னும் திரும்பவில்லை.

நான் எங்கே போய்ப் பார்க்கலாம்?

அமெரிக்காவுக்குப் போனால், சிஹெக் வைத்திருக்கும் பூங்காக்கள் இருபதுக்கும் மேல் உண்டு. எல்லாவற்றிலும் பார்வைக்கு வைப்பதில்லை, இனப்பெருக்கக் கூண்டுகள் பின்புறம் இருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பால்மைரா காப்பகத்துக்கு அனுமதியின்றிப் போகமுடியாது, பயணிகள் விமானமும் கிடையாது. காட்டில் பார்த்தே தீரவேண்டும் என்றால் பலாவிலும் போன்பேயிலும் அதன் உறவுகளைப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானம் ஏறுங்கள். போர்ட் பிளேரை (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுற்றிய அலையாத்திக் காட்டோரங்களில், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு நீலப்பச்சை நிறத்தில் ஒரு மீன்கொத்தி சாதாரணமாகத் தென்படும். சிஹெக்கின் பேரினத்தைச் சேர்ந்ததே அதுவும். கடல்நீர் இறங்கும் நேரத்தில் போனால் சேற்றில் நண்டு பிடிப்பதைப் பார்க்கலாம்.